தேளின் நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பகுதியைச் சேர்ந்த தடித்த வாலுடைய கருந்தேள் இணை ஒன்றை வளர்த்து வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் தாய் குட்டி போட்டது. மற்றக் குட்டிகள் பழுப்பாகிவிட்டன. ஒன்று மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. இது அல்பினோவாக, அதாவது பிறவியிலேயே நிறமி இல்லாததாக, இருக்குமா? இதைக் கொண்டு ஒரு வெள்ளைத் தேள் வம்சத்தை உருவாக்க முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் ஆவல் எனக்குப் புரிகிறது, ஆனால் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். தேள் குட்டிகள் எல்லாமே வெள்ளையாகத்தான் பிறக்கின்றன. தாயின் முதுகில் ஏறி அமர்ந்து, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முதல் தோலை உரித்து, அதன் பிறகு மேல்தோல் இறுகும்போதுதான் அவற்றுக்கு நிறம் வருகிறது. உடன்பிறந்தவை உரித்துவிட்ட பிறகும் ஒன்று பின்தங்குவது உண்டு. அப்படிப் பின்தங்கும் குட்டி பெரும்பாலும் நோஞ்சானாகவே இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். இறுகிய மேல்தோல் நீலப்பச்சையாக ஒளிரும். புதிதாகப் பிறந்த அல்லது அப்போதுதான் தோலுரித்த தேள் ஒளிர்வதில்லை. உங்கள் வெள்ளைக் குட்டி ஒளிராவிட்டால், அதன் தோல் இன்னும் முதிரவில்லை என்றே கொள்ள வேண்டும். நன்றாக ஒளிர்ந்தும், இரண்டாம் தோலுரிப்புக்குப் பிறகும் வெளிறியே இருந்தால், அப்போது அது கவனிக்கத்தக்க குட்டிதான். தாயின் முதுகை விட்டு இறங்கியதும் அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அந்த வெளிறல் மரபுவழிப்பட்டதா என்பதை ஒரு குட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. அது ஒடுங்கு பண்பாக, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளித்தெரியும் பண்பாக, இருக்குமானால், சாதாரணக் கருந்தேளோடு இணைசேர்க்கும்போது பிறப்பவை எல்லாம் கறுப்பாகவே இருக்கும். அவற்றைத் தங்களுக்குள் இணைத்த பிறகே, சராசரியாக நான்கில் ஒன்று வெளிறிப் பிறக்கும். கருவுற்ற தாய் குட்டி போடவே பல மாதங்கள் ஆகும். குட்டி முதிர மேலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே உங்கள் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை யாருக்கு யார் பிறந்தது, எந்த நாளில் தோலுரித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வராவிட்டால், அந்த உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். சில இனங்களில் பெண் தேள் ஒருமுறை பெற்ற விந்தைச் சேமித்து வைத்துப் பின்னும் ஈனும் என்பதால், காட்டில் பிடித்த பெண்ணின் குட்டிகளுக்கு உங்கள் ஆண்தான் தந்தை என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெல்லிய இடுக்கியும் தடித்த வாலும் கொண்ட இந்த இனத்தின் நஞ்சு மனிதருக்கு ஆபத்தானது. இது நஞ்சைப் பீய்ச்சியும் அடிக்கும், கண்ணில் பட்டால் மிகுந்த வேதனை தரும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், நிறம் எவ்வளவு அரியதாக இருந்தாலும் இந்த இனத்தை வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: நமீபியாவின் ரோமத் தேள்களில் முழுக் கறுப்பும் உண்டு, செம்மஞ்சள் கால்களுடையதும் உண்டு. இரண்டையும் கலந்தால் புதிய நிறம் கிடைக்குமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, கலக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். அந்த வேறுபாடு ஒரு பெட்டியில் தோன்றிய பிறழ்வு அன்று. வெவ்வேறு நிலப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்த வடிவம். கலந்து பிறக்கும் குட்டி எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. அத்தகைய குட்டிகள் கைமாறி விற்கப்படும்போது, தூய வடிவங்களைப் பேணுவோரின் பல ஆண்டு உழைப்பும் கெடுகிறது. செம்மஞ்சள் கால் வேண்டுமானால், ஒரே இடத்து இணையை, எந்த இடத்தது என்ற குறிப்போடு, உரிமம் உள்ளவரிடமிருந்து பெறுங்கள்.

கேள்வி: பாறைத் தேள், வளைதோண்டும் தேள் ஆகியவற்றைக் காட்டில் பிடித்து நிறத்திற்காகப் பெருக்கலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: அனுமதியின்றிக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2007இல் வெளியான பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் ஹாடோஜீனஸ் (பாறைத் தேள்), ஓபிஸ்தகாந்தஸ் (ஊரும் தேள்), ஓபிஸ்தோஃப்தால்மஸ் (வளைதோண்டும் தேள்) ஆகிய மூன்று பேரினங்களும் இடம்பெற்றன. இவற்றில் ஹாடோஜீனஸ் என்னும் தட்டையான பாறைத் தேள் முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும். பாறையைப் பெயர்த்துப் பிடிப்பவர்கள் தேளை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. மீண்டும் உருவாகாத பாறை இடுக்கையும் அழித்துவிடுகிறார்கள். இதைப் பார்த்தவன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன். இந்தத் தேள்களை வைத்திருக்கவும் கைமாற்றவும் மாகாண இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: தேள் ஈன்றதும் தாய் இறந்துவிடும் என்று என் ஆயா சொல்வார். அப்படியானால் நல்ல நிறமுள்ள தாயிடம் ஒரே ஈற்றுதான் கிடைக்குமா?
– மாணவி, ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை, மகளே. குட்டிகள் முதுகை மறைத்து அமர்ந்திருப்பதைக் கண்டு, அவை தாயைத் தின்கின்றன என்று முன்னோர் எண்ணியிருக்கலாம். உண்மையில் அக்குட்டிகள் முதல் தோலுரிக்கும்வரை எதையும் உண்பதில்லை. உடலில் உள்ள சேமிப்பைக் கொண்டே வாழ்கின்றன. நலமாக இருக்கும் தாய் மீண்டும் ஈனும். ஆனால் ஈற்றின்போது தொந்தரவு செய்தால் தாயே தன் குட்டிகளைத் தின்றுவிடக்கூடும். அந்த வாரங்களில் பெட்டியைத் திறக்காமல், தண்ணீர் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.