கேளுங்கள், சொல்கிறோம்: ருபீடிய ஆவியும் லேசரும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ருபீடிய ஆவி அடைத்த கண்ணாடிச் செல்லுக்குள் 780 நானோமீட்டர் டயோட் லேசரை விடுகிறோம். அணு மோதலில் ஆற்றல் கைமாறி 795 நானோமீட்டரிலும் ஒளி வரும் என்று படித்தோம், வரவே இல்லை. 100 டிகிரிக்குச் சூடாக்கினால் செல்லில் ஒளி புகும் சன்னலில் வெள்ளி பூசியதுபோல் படிகிறது. எங்கே தவறு?
– முதுகலை மாணவி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: முதலில் சன்னல். அது தெளியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. செல்லில் எந்த இடம் மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கேதான் ருபீடியம் போய்ப் படியும். செல்லைச் சூடாக்கும் அலுமினியக் கட்டையில் கற்றைக்காகத் துளை விட்டிருப்பீர்கள். அதன் வழியே காற்றுப் படும் சன்னல்தான் அப்போது குளிர்ந்த இடம். சூட்டை இரண்டாகப் பிரியுங்கள். உடலுக்கும் சன்னலுக்கும் ஒரு ஹீட்டர், செல்லிலிருந்து நீளும் வால்குழாய்க்குத் தனியாக இன்னொன்று, இரண்டிலும் வெப்பநிலை அளக்கத் தெர்மோகப்பிள். வால் எப்போதும் 10 முதல் 15 டிகிரி குறைவாக இருக்கட்டும்; ஆவியின் அடர்த்தியை முடிவு செய்வதும் வாலின் வெப்பநிலைதான். ஏற்றும்போது சன்னல் முதலில் சூடாக வேண்டும், அணைக்கும்போது வால் முதலில் ஆற வேண்டும். பலரும் கோட்டை விடுவது அணைக்கும் நேரத்தில்தான். பீன்யா பட்டறையில் கட்டை செய்யக் கொடுக்கும்போதே, வால் உடலோடு ஒட்டாமல் இருக்கும்படி வரைந்து கொடுங்கள். ஏற்கெனவே படிந்த வெள்ளி, சன்னலை ஓர் இரவு வாலைவிடச் சூடாக வைத்திருந்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

இனி 795. செல்லில் வெறும் ருபீடியம் மட்டுமே என்றால் அது தெரியாததில் வியப்பில்லை. லேசரால் ஆற்றல் ஏறிக் கிளர்ந்த அணு சராசரியாக 26 நானோநொடியில் ஒளியை விட்டுவிடும். 100 டிகிரியில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 6 லட்சம் கோடி அணுக்கள் இருந்தாலும், அந்த நேரத்துக்குள் இன்னோர் அணுவை முட்டி 5பி3/2 மட்டத்திலிருந்து (780 ஒளி ஏற்றிவிடும் மட்டம்) 5பி1/2-க்கு (795 ஒளியை விடும் மட்டம்) இறங்குபவை லட்சத்துக்கு நாலைந்துதான். வெளிவந்த ஒளியே ஆவிக்குள் திரும்பத் திரும்ப உறிஞ்சப்படுவதால் இது கொஞ்சம் கூடும், ஆனாலும் சொற்பமே.

இரு மட்டங்களுக்கும் நடுவே அலைஎண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை; ஆற்றலையும் அதில் அளக்கலாம்) 238 அளவு ஆற்றல் மிஞ்சுகிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு துணை வாயு வேண்டும். ஹீலியம் அணு அதை ஓட்டமாக மட்டுமே வாங்கும். அதனால் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம் வரை நிரப்ப வேண்டியிருக்கும். மீத்தேன் மூலக்கூறு சுழற்சியாகவும் வாங்கும். அழுத்த அலகான டாரில் 10 போதும், 795 பளிச்சென்று வரும். நைட்ரஜன் வேண்டாம்: அது ஆற்றலைத் தன் அதிர்வில் விழுங்கி, அணுவை ஒளியில்லாமலே தரைமட்டத்துக்கு (மிகக் குறைந்த ஆற்றல் மட்டம்) இறக்கிவிடும். மூடிய செல்லில் நீங்களாக நிரப்ப முடியாது. மீத்தேன் நிரப்பிய செல்லாகவே கேட்டு வாங்குங்கள். மீத்தேனுக்கும் ஒரு குறை உண்டு. சூடும் லேசர் வலிமையும் மிகுந்தால் ருபீடியத்தோடு வினைபுரிந்து சன்னலில் கரி படியும். வெள்ளிப் படிவு சூட்டில் போகும். கறுப்புப் படிவு போகாது.

ஃபில்டர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். 795-க்கான 10 நானோமீட்டர் அகல இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டரில் ஒளி சாய்வாக விழுந்தால், அது கடத்தும் அலைநீளம் குறைந்து 780 பக்கம் நகரும். லேசரின் சிதறலே உள்ளே வந்துவிடும். ஆகவே லென்ஸால் ஒளியை இணைகற்றையாக்கிய பிறகே ஃபில்டருக்கு அனுப்புங்கள். சோதிப்பது எளிது: லேசரை உறிஞ்சுகோடுகளிலிருந்து 15 ஜிகாஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். அப்போதும் சிக்னல் மறையாமல் இருந்தால் அது சிதறல்.

கேள்வி: சிவப்பு லேசர் விட்ட செல்லில் நீல ஒளி தெரிகிறதே, எப்படி?
– வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: கிளர்ந்த இரண்டு அணுக்கள் மோதும்போது ஒன்று தன் ஆற்றல் முழுவதையும் மற்றதற்குக் கொடுத்துவிட்டுத் தரைமட்டத்துக்கு இறங்குகிறது. இரண்டின் ஆற்றலும் சேர்ந்தால் அலைஎண்ணில் 25,633. அணுவின் இன்னும் உயர்ந்த 5டி மட்டம் 25,700-இல் இருக்கிறது. குறையும் 67-ஐ அணுக்களின் வெப்ப ஓட்டமே ஈடுகட்டிவிடும். 5டியிலிருந்து 6பி என்ற இடைமட்டம், அங்கிருந்து தரைமட்டம். அந்தக் கடைசி இறக்கம்தான் 420 நானோமீட்டர் நீலம். இரண்டு கிளர்ந்த அணுக்கள் தேவை என்பதால், லேசர் திறனைப் பாதியாக்கினால் நீலம் கால்வாசியாகக் குறைய வேண்டும். அப்படிக் குறையவில்லை என்றால் கற்றை ஏற்கெனவே அணுக்களைத் தெவிட்டச் செய்திருக்கும் (திறனைக் கூட்டினாலும் கிளர்வது கூடாத நிலை). கற்றையை விரித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

நீலத்தைப் பார்க்கும் ஆசையில் கற்றையின் வழியில் கண்ணை வைத்துவிட வேண்டாம். 780 கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். 50 மில்லிவாட்டும் சாதுவாகத் தோன்றும், விழித்திரையோ கருகிவிடும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணிந்து, பக்கவாட்டிலிருந்து கேமரா வழியே பாருங்கள்.

கேள்வி: செல் கைதவறி உடைந்தால் என்ன செய்வது?
– ஆய்வக உதவியாளர், அல்சூர், பெங்களூரு

பதில்: தண்ணீர் படக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் கூடாது. உள்ளே இருப்பது சில மில்லிகிராம்தான், ஆனாலும் காற்றுப் பட்டாலே பற்றும். உலர்ந்த மணலை உடனே கொட்டி மூடுங்கள். பக்கத்தில் ஒரு டப்பா மணல் எப்போதும் இருக்கட்டும். சில்லுகளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.