கம்பைலர் சோர்ஸ்ல இன்டிஜர் டைப் எரர் வருதா? காஸ்ட் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: சி++ல சின்னதா ஒரு கம்பைலர் எழுதிருக்கேன், அவுட்புட் 64 பிட் ரிஸ்க்-வி பிராசசருக்கான அசெம்ப்ளி. 64 பிட் உபுன்டு லேப்டாப்ல ஒரு வார்னிங் கூட இல்லாம பில்டு ஆகுது. 32 பிட் ஓஎஸ் போட்ட ராஸ்பெரி பைல அதே சோர்ஸை ஜிசிசில பில்டு பண்ணா மேக்ஸ் ஃபங்ஷனுக்கு மேட்ச் இல்லங்குது, நேரோயிங் கன்வர்ஷன்ங்குது (அதாவது ஒரு வேல்யூவை அது கொள்ளாத டைப்புல திணிக்கறது), பிரின்ட்எஃப் ஃபார்மேட் தப்புங்குது, சைன்-கம்பேர்னு வேற ஒண்ணு (மைனஸ் வரக்கூடிய சைன்ட் டைப்பை மைனஸ் வராத அன்சைன்ட் டைப்போட ஒப்பிடறது). எல்லா இடத்துலயும் காஸ்ட் போட்டு டைப்பை வலுக்கட்டாயமா மாத்திடலாமா, இல்ல வார்னிங்கை எரராக்குற வெர்ரர் ஃப்ளாக்கையே தூக்கிடலாமா?

பதில்: இப்போதைக்கு ரெண்டுமே வேணாங்க. வெர்ரரை எடுத்தாலும் மேக்ஸும் நேரோயிங்கும் போகாது, அது ரெண்டும் நிஜ எரர். காஸ்ட் போட்டா பில்டு ஆகிடும், ஆனா ராஸ்பெரி பையில ஓடுற உங்க கம்பைலர் தப்பான அசெம்ப்ளியை சத்தமே இல்லாம எழுதிக் கொடுக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

லேப்டாப்ல ஏன் வரலன்னா, 64 பிட் லினக்ஸ்ல சைஸ்_டியும் (அளவு, எண்ணிக்கை வைக்கற டைப்) அன்சைன்ட் லாங்தான், யுஇன்ட்64_டியும் (எங்கேயும் 64 பிட்டா இருக்கற அன்சைன்ட் டைப்) அன்சைன்ட் லாங்தான், ரெண்டையும் கலந்து எழுதினாலும் ஒரே டைப்ங்கறதால கம்பைலர் கண்டுக்கல. 32 பிட் ஏஆர்எம்ல, அதாவது உங்க ராஸ்பெரி பையோட பிராசசர்ல, சைஸ்_டி வெறும் அன்சைன்ட் இன்ட், 32 பிட்டு. யுஇன்ட்64_டி அன்சைன்ட் லாங் லாங். மேக்ஸ் ஒரு டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் பொதுவா எழுதின ஃபங்ஷன், ரெண்டு ஆர்க்யுமென்டும் ஒரே டைப்பா இருந்தாத்தான் அதுக்கு டைப்பைக் கண்டுபிடிக்க முடியும். எரருக்குக் கீழ நோட்னு ஒரு வரி வருது பாருங்க, அதுல மோதுற ரெண்டு டைப் பேரும் இருக்கும், மேல வர்ற நீள டெம்ப்ளேட் புலம்பலை விட்டுட்டு அந்த வரியை மட்டும் படிச்சாப் போதும். இதே எரர் மேக்லயும் வரும், அங்க ரெண்டும் 64 பிட்தான், ஆனா ஒண்ணு லாங், ஒண்ணு லாங் லாங், அளவு ஒண்ணா இருந்தாலும் சி++க்கு அது வேற வேற டைப்.

இங்க ஒரு விஷயத்தை முதல்ல முடிவு பண்ணணும், கம்பைலர் எழுதறவங்களுக்கு மட்டுமே இருக்கற தலைவலி இது. உங்க கோட்ல ஓடுற ஒவ்வொரு நம்பரும் ரெண்டு ஜாதில ஒண்ணு. டோக்கன் எத்தனை, வெக்டர்ல எத்தனை எலிமென்ட், இதெல்லாம் ஹோஸ்ட் நம்பர், கம்பைலர் எந்த மெஷின்ல ஓடுதோ அதைச் சேர்ந்தது, சைஸ்_டி போதும். யூசர் எழுதின புரோகிராம்ல இருக்கற கான்ஸ்டன்ட், ஸ்ட்ரக்ட் சைஸ், ஸ்டாக் ஆஃப்செட், இதெல்லாம் டார்கெட் நம்பர். டார்கெட் 64 பிட்டுன்னா, ஹோஸ்ட் எதுவா இருந்தாலும் இது 64 பிட்டாத்தான் இருக்கணும். மேக்ஸ் எரரை அடக்க டார்கெட் சைஸை சைஸ்_டிக்கு காஸ்ட் பண்ணீங்கன்னா, யூசர் 5 ஜிபி அர்ரே டிக்ளேர் பண்ணா பையில அது 1 ஜிபின்னு பதிவாகும், மேல் 32 பிட் போச்சு. அதனால மேக்ஸ் பக்கத்துல ஆங்கிள் பிராக்கெட் போட்டு யுஇன்ட்64_டின்னு நீங்களே டைப் சொல்லிடுங்க, சின்னது பெருசா மாறும், எதுவும் தொலையாது. அந்த வேரியபிள் சைஸ்_டின்னு டிக்ளேர் ஆனதே தப்புன்னா டிக்ளரேஷனையே மாத்துங்க, அதான் சரியான வைத்தியம். பெரிய கம்பைலர்களும் இதைப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஜிசிசிக்குள்ள ஹோஸ்ட் வைட் இன்ட்னு ஒரு டைப் இருக்கு, ஒரு காலத்துல ஹோஸ்ட்டைப் பொறுத்து 32 பிட்டாவும் இருந்துச்சு 64 பிட்டாவும் இருந்துச்சு, இப்ப எங்க பில்டு பண்ணாலும் 64தான். எல்எல்விஎம் இன்னும் ஒரு படி மேல போய், கான்ஸ்டன்டுக்கு ஏபிஇன்ட்னு பிட் அளவையும் கூடவே தூக்கிட்டுப் போற கிளாஸ் வச்சிருக்கு.

சைன்-கம்பேர் எரர்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது. லேப்டாப்ல வராம பையில மட்டும் வருதுன்னா பெரும்பாலும் லாங் வேரியபிளை யுஇன்ட்32_டியோட கம்பேர் பண்ற இடமா இருக்கும். ஆஃப்செட் லாங், ஃப்ரேம் சைஸ் யுஇன்ட்32_டின்னு வச்சுக்குவோம். ஆஃப்செட் -8, ஃப்ரேம் சைஸ் 64, ஆஃப்செட் சின்னதான்னு கேக்கறீங்க. 64 பிட் லினக்ஸ்ல லாங் 64 பிட், அதனால ரெண்டும் லாங்கா மாறி சரியா ஆமாம்னு பதில் வரும். 32 பிட்ல லாங்கும் 32, ரெண்டும் அன்சைன்டா மாறும், -8 போய் 4294967288 ஆயிடும், பதில் இல்லன்னு வரும். ஒரே வரி, ரெண்டு மெஷின்ல ரெண்டு பதில். இதுல ஆஃப்செட்டை யுஇன்ட்32_டிக்கு காஸ்ட் பண்ணா அந்தத் தப்பு பதிலை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கற மாதிரிதான். ஆஃப்செட்டை இன்ட்64_டியா மாத்துங்க, வார்னிங்கும் போயிடும் பதிலும் சரியாயிடும். பொதுவாவே கம்பைலர் சோர்ஸ்ல லாங்கை எழுதவே எழுதாதீங்க, 64 பிட் விண்டோஸ்லயே அது 32 பிட்டுதான்.

நேரோயிங்குக்கு வருவோம். பார்சர்ல ஆபரேட்டர் பிரிசிடென்ஸ் டேபிளை (எந்த ஆபரேட்டர் முதல்லங்கற பட்டியல்) சார் அர்ரேயா வச்சு, ஆபரேட்டர் இல்லாத இடத்துக்கு -1 போட்டிருப்பீங்க, சரியா? ஏஆர்எம் லினக்ஸ்ல சார் அன்சைன்ட், அதுல -1 கொள்ளாது, சி++11ல இருந்து கர்லி பிராக்கெட்டுக்குள்ள இப்படிப் போடறது எரர். பழைய சோர்ஸ் நிறைய இப்படித்தான் 2016ல ஜிசிசி 6 வந்தப்ப உடைஞ்சுச்சு, அதுலதான் டிஃபால்ட் சி++14க்கு மாறுச்சு. சைன்ட் சார் இல்லன்னா இன்ட்8_டின்னு மாத்துங்க, முடிஞ்சுது. ஆனா அதோட நிக்காதீங்க, சோர்ஸை எழுத்தெழுத்தா படிச்சு டோக்கனாப் பிரிக்கற லெக்சரையும் ஒரு தடவை பாருங்க. ஒரு எழுத்தைப் படிக்கற கெட்சி ஃபங்ஷன் ரிடர்ன் பண்றதை சார்ல வாங்கி, ஃபைல் முடிஞ்சதைச் சொல்ற இஓஎஃப்போட ஒப்பிட்டிருந்தா, பையில அது 255, இஓஎஃப் -1, ரெண்டும் என்னிக்குமே சமமாகாது, ஃபைல் முடிஞ்சும் லூப் ஓடிட்டே இருக்கும். அந்த வேரியபிள் இன்ட்டா இருக்கணும்.

பிரின்ட்எஃப் விஷயம் சின்னது. பெர்சென்ட் எல்யு போட்ட இடத்துல யுஇன்ட்64_டி போனா 32 பிட்ல பொருந்தாது, சிஇன்ட்டைப்ஸ் ஹெடர்ல இருக்கற பிஆர்ஐயு64 மேக்ரோ போடுங்க, ஸ்ட்ரிங்குக்கும் மேக்ரோவுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விடுங்க, விடலன்னா சி++11 அதை வேற மாதிரி படிச்சு இன்னொரு எரர் கொடுக்கும்.

எரரே வராத ஒண்ணும் இருக்கு, இமீடியட் வேல்யூக்கு (இன்ஸ்ட்ரக்ஷனுக்குள்ளயே எழுதற நம்பர்) மாஸ்க் போட்டு வேண்டிய பிட்டை மட்டும் எடுக்கறப்ப 1 << என்னு எழுதறது. அந்த 1 வெறும் இன்ட், என்ங்கற வேரியபிள் 40னா ரிசல்ட் என்ன வேணா ஆகலாம், லேப்டாப்லயும்தான். முன்னாடி யுஇன்ட்64_டின்னு சேர்த்து எழுதணும். இதைப் பிடிக்க ஓடறப்பவே இந்த மாதிரி தப்பைச் சொல்ற அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரை ஆன் பண்ணி டெஸ்ட் ஓட்டுங்க.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பைல பில்டு பண்ணிட்டு உக்காந்திருக்க வேணாம். உபுன்டுல ஜி++ மல்டிலிப் பேக்கேஜ் போட்டு, 32 பிட்டுக்கு பில்டு பண்ற -எம்32 ஃப்ளாக்கோட, சாரை அன்சைன்டாக்கற அன்சைன்ட் சார் ஃப்ளாக்கையும் சேர்த்து கம்பைல் பண்ணுங்க, இந்த எரர் மொத்தமும் லேப்டாப்லயே வந்துடும். எல்லாம் சரியானதும் உங்க டெஸ்ட் ஃபைலையெல்லாம் 64 பிட் பில்டுலயும் 32 பிட் பில்டுலயும் கம்பைல் பண்ணி, வர்ற அசெம்ப்ளி ரெண்டையும் டிஃப் போட்டுப் பாருங்க. டார்கெட் ஒண்ணுதானே, ஒரு எழுத்து கூட மாறக்கூடாது. மாறினா அந்த இடத்துல ஏதோ ஒரு டார்கெட் நம்பர் இன்னும் சைஸ்_டிலயோ லாங்லயோதான் உக்காந்திருக்கு, அங்கேர்ந்து பின்னாடி தேடிட்டு வாங்க.