மடியில் படுக்கவைத்தே பல்லைப் பார்க்கலாம்

கேள்வி: என் மகனுக்கு 2 வயதும் 4 மாதமும். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. வலியென்று அழவில்லை. இரவில் சூப்புப் போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தால்தான் தூங்குவான். "விழப்போற பால்பல்லுதானே" என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட அவனை எப்படித் தயார்படுத்துவது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: வலி வருமுன் இந்த மாதமே காட்டுங்கள். மேல் முன்பற்கள் விழ 6, 7 வயதாகும். கடைசிக் கடைவாய்ப் பால்பற்கள் 10 வயது தாண்டியும் இருக்க வேண்டியவை. உண்மையில் முதல் தடவை ஒரு வயதுக்குள்ளேயே காட்டியிருக்க வேண்டும்.

காரணம் அந்தப் போத்தல்தான். தூக்கத்தில் எச்சில் குறைவதால் சீனி மேற்பல்லிலேயே தங்கிவிடும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றும். சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பத்து நாளில் கொதித்தாறிய தண்ணீருக்குக் கொண்டுவந்து, பிறகு கோப்பைக்கு மாற்றுங்கள்.

இரவு படுக்குமுன் 1000 பிபிஎம் ஃபுளோரைட் உள்ள பற்பசையை அரிசி மணியளவு வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். அனுராதபுரப் பக்கத்துப் பற்கறையைக் கேள்விப்பட்டு ஃபுளோரைட்டுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது அங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளோரைட் மிகுந்ததால் வருவது. நம் மலைத் தண்ணீரில் அது குறைவு.

இந்த வயதில் நாற்காலியில் தனியாக உட்காரவைக்க மாட்டார்கள். பிள்ளை உங்களைப் பார்த்தபடி மடியில் உட்கார்ந்து, கால்களை உங்கள் இடுப்பின் இருபுறமும் போட்டு, டாக்டரின் மடியில் தலை சாய்ப்பான். கைகளை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். நாலைந்து நாள் முன்பே கட்டிலில் அவன் அப்பாவோடு இதை விளையாட்டாகச் செய்யுங்கள்: மேலுதட்டைத் தூக்கி, டோர்ச் அடித்து, பல்லை எண்ணுங்கள். அன்று அழுதாலும் பரவாயில்லை. அழும்போது வாய் நன்றாகத் திறக்கும், எங்களுக்கு அது வசதிதான்.

"ஊசி போட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் காதில் 'ஊசி' மட்டுமே விழும். சேட்டை செய்தால் பல் டாக்டரிடம் பிடித்துக் கொடுப்பேன் என்ற மிரட்டலும் வேண்டாம். 'டாக்டர் பல்லு எண்ணுவார்', அது போதும்.

காலையில், தூக்கம் வராத நேரத்தில் போங்கள். சாப்பாட்டை ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் ஓங்கரித்து வாந்தி எடுப்பான். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் பாணி மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். இதய நோய், எளிதில் நிற்காத இரத்தக்கசிவு, மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் 3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே. இவனை அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், கட்டணமில்லை. கோடு இன்னும் குழியாகவில்லை என்றால் ஃபுளோரைட் பூச்சோடு நிறுத்தப் பார்ப்பார்கள். குழி விழுந்திருந்தால் அடைக்க வேண்டிவரும். முகம் வீங்கினாலோ, ஈறில் கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே போய்விடுங்கள்.