முதல் மான் வேட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பென்சில்வேனியாவில் ரைபிள் மான் பருவம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்கும். வெள்ளைவால் மான் வேட்டைக்குப் புதிதாக இறங்குபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் துப்பாக்கியைத் தொடலாமா?

தொடுவதற்கு முன் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டரசின் சட்டம். அதில் உள்ள விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமத்தின் தேதி முடிந்தால் அந்த விலக்கும் முடிந்துபோகும். வீட்டில் ரைபிள் இருப்பவர்கள் தேதியைக் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. முதல்முறை உரிமம் எடுக்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். அந்த வகுப்பைக் கடனே என்று கேட்காதீர்கள்.

நண்பர் பெரிய மேக்னம் ரைபிள் வாங்கச் சொல்கிறார். சரியா?

வேண்டாம். 243 வின்செஸ்டர் அல்லது 308 வின்செஸ்டர் வகைத் தோட்டா சுடும் ரைபிள் போதும். மேக்னம் மாதிரி தோளில் பலமாக உதைக்கும் துப்பாக்கி, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடவைத்துவிடும். மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

பளீரென்ற ஆரஞ்சு உடை போட்டால் மான் ஓடிவிடாதா?

ஓடாது. மானின் கண்ணில் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைப் பிரித்தறியும் செல்கள் இல்லை. நமக்குப் பளீரென்று தெரியும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். பென்சில்வேனியாவில் ரைபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு கட்டாயம். அது இன்னொரு வேட்டைக்காரர் உங்களை மான் என்று நினைத்துவிடாமல் இருக்க.

மூன்று வார இறுதி பரணில் உட்கார்ந்தேன். ஒரு மான்கூட வரவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

உங்கள் பரணுக்கு எந்தத் திசையிலிருந்து காற்று வந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. தப்பு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மான் கண்ணால் பார்த்ததைச் சந்தேகப்படும், காதால் கேட்டதை நின்று யோசிக்கும். மனித வாடை மூக்கில் பட்டால் யோசிக்காது, போய்விடும். நீங்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். காலியான காடு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

மான் வரும் பக்கத்திலிருந்து காற்று உங்கள் முகத்தில் பட வேண்டும். பரணுக்கு நடந்து போகும் வழியும் அப்படியே அமைய வேண்டும். மலைச்சரிவில் இன்னொரு கணக்கும் உண்டு. வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தப்பாகிவிடுவது இதனால்தான். நான் சட்டைப்பையில் மில்க்வீட் பஞ்சு வைத்திருப்பேன். நம்மூர் எருக்கும் அந்தச் செடியும் ஒரே குடும்பம், பஞ்சும் அப்படியே இருக்கும். ஒரு இழையைப் பறக்கவிட்டால் நம் வாடை எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் இடம். வெள்ளை ஓக் மரம் காய் உதிர்க்கும் இடத்தைத் தேடுங்கள். ஆண் மான் கொம்பு உரசிய மரப்பட்டை, குளம்பால் பறித்த மண் தெரிந்தால் அங்கே நடமாட்டம் உண்டு. வடக்கு மாநிலங்களில் நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும். பகலெல்லாம் பொறுமையாக உட்கார அதைவிட நல்ல நேரம் கிடையாது. பரணில் ஏறும்போதே உடல் முழுவதும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையைக் கட்டுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை மேலே போனபின் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

சுட்டேன், மான் ஓடிவிட்டது. உடனே பின்னால் போகலாமா?

போகாதீர்கள். என் முதல் வருடத்தில் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். எண்பது அடி தூரத்தில் படுத்திருந்த பெண் மான் என்னைக் கண்டதும் எழுந்து ஓடியது. இருட்டும்வரை தேடினேன், மறுநாளும் தேடினேன், கிடைக்கவில்லை. படுத்த இடத்திலேயே அமைதியாக இறந்திருக்க வேண்டிய உயிர். அந்தப் பத்து நிமிடத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரமாவது உட்காருங்கள். பிறகு ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம், மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட வேண்டும். பல மாநிலங்களில் சங்கிலியில் பிடித்த மோப்பநாயை வரவழைக்க அனுமதி உண்டு. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

இந்த நிலை வராமலிருக்க, பக்கவாட்டில் நிற்கும் மானை மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிபார்த்துச் சுடுங்கள். நேர் எதிரே நிற்கிறதா, ஓடுகிறதா, விட்டுவிடுங்கள்.

மான் கறியில் நோய் இருக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயத்தில் நியாயம் உண்டு. மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டு, பென்சில்வேனியாவுக்கு 2012இல் வந்தது. அதற்குக் காரணமான பிரியான் என்ற புரதம் சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. நோய்ப் பகுதியில் சுட்டால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியை உறையவைத்திருங்கள். தலையையும் முதுகெலும்பையும் அந்தப் பகுதிக்கு வெளியே எடுத்துப் போகத் தடை இருக்கும், கவனம்.

சமையலுக்கு ஒன்று: கொழுப்பை முழுவதும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஆட்டுக்கொழுப்பு மாதிரி ருசிக்காது, வாயில் மெழுகாக ஒட்டும். தொடைக்கறிக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மட்டன் குழம்பு மாதிரியே பொறுமையாக வேகவையுங்கள்.

டெக்சாஸ் நண்பர் புள்ளிமான் வேட்டைக்கு அழைக்கிறார். ஊரில் அதைக் கொன்றால் ஜெயில். மனம் ஒப்பவில்லை.

அதே புள்ளிமான்தான். 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே அது வெளிநாட்டு விலங்கு என்பதால் வேட்டைக்குத் தடையான மாதங்கள் என்று எதுவும் கிடையாது. உரிமமும் நில உரிமையாளர் அனுமதியும் இருந்தால் போதும். வெள்ளைவால் மானின் இரைக்குப் போட்டியாகவும் இருக்கிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள், நண்பரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். வெள்ளைவால் பருவத்தில் அவரோடு போய்க்கொள்ளலாம்.