அந்தக் கிழ அரக்கனை ஏன் கொன்றீர்கள்?

கேள்வி: சிறுவர்களுக்காக நான் எழுதிய மாயாஜால நாவலைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அண்ணனும் தங்கையும் பாதாள லோகத்துக்குப் போய் அரக்கர்களை ஜெயித்துத் திரும்புகிற கதை அது. பேய், அரக்கன் என்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று ஒதுக்கினீர்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமாவில் பார்க்காத அரக்கனா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பயந்துவிடுவார்கள் என்று நினைத்து ஒதுக்கவில்லை. ஒரு பிள்ளைகூடப் பயப்படாது என்றுதான் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் பாதாளத்தில் யார் யார் இருக்கிறார்கள்? சோம்பல் அரக்கன், பொய் அரக்கன், செல்போன் அரக்கன், நொறுக்குத்தீனி அரக்கன். அத்தியாயத்துக்கு ஒருவன் வருகிறான், இடி மாதிரி சிரிக்கிறான், தங்கை ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் புகையாகிப் போகிறான். அவன் எங்கே தூங்குவான், என்ன சாப்பிடுவான், யாரைக் கண்டால் அவனுக்கு நடுக்கம், ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கும் அறிவுரைக்குக் கொம்பும் கோரைப்பல்லும் மாட்டிவிட்டிருக்கிறீர்கள். பத்து வயதுப் பிள்ளை இதை இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் அந்த நெருப்பு. பக்கத்துக்குப் பக்கம் தீயும் எண்ணெய்க் கொப்பரையும் வருகின்றன. நம் புராணங்களில் அவை எமனுடைய நரகத்தைச் சேர்ந்தவை. பாதாளம் வேறு இடம். விஷ்ணு புராணத்தில் நாரதர் பாதாளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, இந்திரனுடைய சொர்க்கத்தைவிட அது அழகு என்று தேவர்களிடமே சொல்கிறார். அங்கே சூரியன் வெளிச்சம் தரும், சுடாது. நிலா ஒளி தரும், குளிராது. ஏழு அடுக்குக்கும் மண் வேறு வேறு: வெள்ளை, கருப்பு, சிவப்பு, மஞ்சள், சரளை, பாறை, ஏழாவது பொன். பாகவதத்தில் சூரியனே கிடையாது. பாம்புகளின் தலையில் இருக்கும் மணிகள்தான் வெளிச்சம். பகல், இரவு என்ற கணக்கு இல்லாததால் காலம் போவது யாருக்கும் உறைக்காது. சரி, அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பிள்ளைகள் மாட்டிக்கொண்டால்? வீட்டில் அம்மா தேடிக்கொண்டிருப்பாளே என்ற நினைப்பு அவர்களுக்கு எப்போது வரும்? வராமலே போய்விட்டால்? ஒரு முழு நாவலுக்கான பயம் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது. நீங்கள் அதை விட்டுவிட்டுக் கொப்பரைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்கே குடியிருப்பவர்களையும் பாருங்கள். சுதலம் என்ற அடுக்கில் மகாபலி. அவன் வாசலில் கதாயுதத்தோடு காவல் நிற்பது அவனை அங்கே அனுப்பிய திருமாலேதான். எல்லாத் திசைகளையும் ஜெயிக்கக் கிளம்பிய ராவணன் அந்த வாசலுக்கு வந்தபோது, திருமாலின் கால் கட்டைவிரலால் பல்லாயிரம் யோசனை தூரத்துக்கு அப்பால் எற்றப்பட்டான். இன்னும் கீழே, ரசாதலம் என்ற அடுக்கில் இருக்கும் அசுரர்கள் பிறவியிலேயே பெரும் பலசாலிகள். ஆனால் இந்திரனின் தூதாக வந்த சரமை என்ற பெண் நாய் சொன்ன வார்த்தைகளால் இந்திரனுக்குப் பயந்து, பொந்துக்குள் பாம்புபோல ஒடுங்கி வாழ்கிறார்கள். அவ்வளவு பெரிய அசுரனை ஒடுக்க ஒரு நாய் என்னதான் சொல்லியிருக்கும்? எந்தப் பிள்ளையும் இதைக் கேட்காமல் விடாது.

அரக்கனுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஜெயங்கொண்டார் பாடிய போர்க் காவியமான கலிங்கத்துப்பரணியை எடுத்துப் படியுங்கள். பிள்ளைகள் கையில் அதை அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை, எழுதுகிற நீங்கள் படிக்க வேண்டும். பட்டினி கிடக்கும் பேய்களுக்கு முன்னால், இமயத்திலிருந்து வந்த கிழப்பேய் ஒன்று இந்திரசாலம் செய்து பொய்யாக ஒரு போர்க்களத்தைக் காட்டுகிறது. ரத்தம் ஓடுவதுபோலத் தெரிந்ததும் பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெற்றுத் தரையில் வெறுங்கையை முகந்து முகந்து பார்க்கின்றன. பின்னால் கூழ் ஊற்றும்போதும் கும்பலாக ஊற்றிவிடவில்லை. குருட்டுப் பேய், கையால் ஜாடை சொல்லும் ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றையும் ஜெயங்கொண்டார் தனித்தனியாகக் கவனிக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அவை குடிப்பது பிணத்தை இட்டுக் காய்ச்சிய கூழ் என்பதும் மறப்பதில்லை.

உங்கள் அண்ணனுக்கு முதல் அத்தியாயத்திலேயே மந்திர வாள் கிடைத்துவிடுகிறது. அத்தோடு கதையும் முடிந்துவிட்டது, மீதியெல்லாம் வெட்டுதான். மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகன் கப்பல் உடைந்து, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலையில் ஒதுங்குகிறான். அவனைத் தின்பதற்குச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவனிடம் வாள் இல்லை, ஆனால் அவர்கள் பாஷை தெரியும். பேசுகிறான், பிழைக்கிறான். தலைவன் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்: கள் காய்ச்சும் பானை, முடை நாற்றம், காய்ந்துகொண்டிருக்கும் வெள்ளெலும்பு, நடுவே பெண்ணோடு கரடிபோல உட்கார்ந்திருக்கும் தலைவன். அவனோடு உட்கார்ந்து வாதம் செய்து, இனி மனிதரைக் கொல்வதில்லை என்று ஒப்புக்கொள்ளவைத்துவிட்டு வருகிறான் சாதுவன். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை பிசகினாலும் உயிர் போய்விடும். மந்திர வாளோடு போகிற பையனுக்கு அப்படி ஒரு நிமிடம் உண்டா?

கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். இருநூறு பக்கம் உங்களை நம்பிக் கூடவே வந்த பிள்ளையிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் உங்கள் ஏழாவது அத்தியாயம். வாசல் காக்கிற கிழ அரக்கன் ஒருவன் தங்கையிடம் மழை எப்படி இருக்கும் என்று கேட்கிறான். பாதாளத்தில் மழை கிடையாது. அவள் தரையில் விரல்களால் தட்டிச் சத்தம் காட்டுகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை என்கிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. அடுத்த பக்கத்தில் அண்ணன் வந்து அவன் தலையைச் சீவிவிடுகிறான், தங்கை கை தட்டுகிறாள்! அந்தப் பெண் கை தட்டியிருக்க மாட்டாள். உங்களுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

வாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஏழாவது அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதி அனுப்புங்கள். உடனே படிக்கிறேன்.