வாசகர் கேள்வி: கேம் மாற்றினால் மலையேறுமா?

கேள்வி: என்னிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, புதிய ஜே வரிசை எஞ்சின் வண்டி உள்ளது. மாதம் ஒருமுறை மனைவியுடன் சிறுமலைக்குச் செல்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறுகிறது. 'பெர்ஃபாமன்ஸ் கேம்' போட்டால் பிக்கப் கூடும் என்கிறார் மதுரையில் ஒரு மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தங்கள் தேவைக்கு வேண்டாம். கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு. நம் பட்டறைகளில் 'பிக்கப்' என்ற ஒரே சொல், மேட்டில் இழுப்பதற்கும் நான்குவழிச் சாலையில் சீறுவதற்கும் சேர்த்தே வழங்குகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க்; அதைத் திருகும் விசை டார்க். அந்த விசையை நிமிடத்திற்கு எத்தனை சுற்று வேகத்தில் தர முடிகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் குதிரைத்திறன். நியூட்டன் மீட்டர் அளவைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 7,121ஆல் வகுத்தால் போதும். தங்கள் எஞ்சின் 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டரும், 6,100 சுற்றில் 20.2 குதிரைத்திறனும் தரும் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4,000 சுற்றில் திறன் 15 சொச்சம்தான், 6,100 சுற்றில் டார்க் ஏறத்தாழ 23.6 ஆக இறங்கியும், சுற்று கூடியதால் திறன் ஏறிவிடுகிறது.

பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே திரும்பிய பின்னும் உள்வாங்கும் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். பெர்ஃபாமன்ஸ் கேமில் அது இன்னும் பிந்தி மூடுகிறது. உயர்ந்த சுற்றில், பாய்ந்து வரும் காற்றும் பெட்ரோலும் தம் உந்தத்தால் ஏறிவரும் பிஸ்டனையும் மீறி உள்ளே அடைகின்றன. 2,000 சுற்றிலோ அந்த உந்தம் இல்லாததால், ஏறும் பிஸ்டன் உள்ளே வந்ததில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. அடைபட்டது குறைந்தால் டார்க்கும் குறையும். பின்னால் இருப்பவர் கைப்பிடியை இறுகப் பற்றுகிற வளைவில், இரண்டாம் கியரில், எஞ்சின் இருப்பது இந்தக் கீழ்ச் சுற்றில்தான். காசு கொடுத்துக் கூட்டிய திறன் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும் ஐடிலிங்கும் தடுமாறும்.

முதலில் ஏர் ஃபில்டர், கிளட்ச், வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தும் திணறினால், செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 15 பல்லுக்கு 14 என்றால், எல்லாக் கியரிலும் சக்கரத்தில் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். பதிலுக்கு நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், மைலேஜும் சற்றுக் குறையும். பிடிக்கவில்லையென்றால் ஒரு மாலைப்பொழுதில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். கேமுக்கோ ஹெட் கவரைத் திறந்து, டைமிங் செயினைக் கழற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈ.சி.யூ.வையும் புதிதாக டியூன் செய்தாக வேண்டும்.