குழந்தைக்குத் தட்டைப் பாதம் இருந்தால் எப்போது கவலைப்பட வேண்டும்?

மூன்றரை வயதுப் பையனுக்குப் பாதம் முழுக்கத் தரையில் படிகிறது, ஸ்பெஷல் ஷூ வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறவுக்காரர் யாராவது பார்த்துவிட்டு “இப்பவே கவனிங்க” என்று கிளப்பிவிட்டிருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தட்டைப் பாதம், என் மகளுக்கும் அதே. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மகள் எல்கேஜி படிக்கும்போது எங்கள் அபார்ட்மெண்டில் இலவசப் பாத ஸ்கேன் கேம்ப் போட்டார்கள். பலகைமேல் நிற்க வைத்ததும் திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பாதம் தெரிந்தது. “இப்படியே விட்டா முட்டி, இடுப்பு, முதுகு எல்லாம் போயிடும் சார்” என்றார் ஸ்கேன் எடுத்தவர். ஸ்கேன்தான் இலவசம், ஷூவுக்குள் வைக்கச் சொன்ன இன்சோலுக்குக் காசு. கால் வளர வளர அதையும் மாற்ற வேண்டுமாம். “உங்க வீட்டுக் கால்தானே” என்று மனைவி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

ஆர்த்தோ டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றாள், உள்ளங்காலில் அழகாக வளைவு வந்தது. மேசைமேல் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டபோதும் வந்தது. “வலிக்குதா?” “இல்லை.” அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கு உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும், தசைநார்களும் தளர்வாக இருக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் வளைவு தானாகத் தெரியவரும் என்றார். சிலருக்கு என்னைப் போல வராமலே போகும், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இன்சோல் போட்டால் வளைவு வந்துவிடுமா? 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஒன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் ஸ்பெஷல் ஷூவும் இன்சோலும் போட்டுப் பார்த்தார்கள். போடாத பிள்ளைகளுக்கும் அதே அளவு முன்னேற்றம். உடனே இன்சோல் விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வலி இருக்கிற பிள்ளைக்கு அது வலியைக் குறைக்கும், மறுக்கவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது என் அக்கா பையன் விஷயத்தில். பதினோரு வயது. ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் கால் வலி என்பான், கணுக்கால் அடிக்கடி பிசகும். வீட்டில் எல்லாரும் சோம்பேறித்தனம் என்றார்கள். நுனிக்காலில் நின்றாலும் அவனுக்கு வளைவு வரவில்லை, பாதத்தை உள்ளே வெளியே அசைக்கவும் முடியவில்லை. ஸ்கேனில் பார்த்தால் தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு எலும்புகள் ஒட்டியிருந்தன. வலி, விறைப்பு, ஒரு காலில் மட்டும் தட்டை, குதிகால் தசைநார் இறுக்கம், நன்றாக ஓடிய பிள்ளை உட்கார்ந்துகொள்வது, வயது ஏற ஏற இன்னும் தட்டையாவது, இதில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்.

ஷூ பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டு டாக்டர்கள் இருவர் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் காலடித் தடத்தை எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். (ஆணி, கொக்கிப்புழு எல்லாம் எனக்கும் தெரியும். வீட்டுக்குள்ளாவது வெறுங்காலில் விடுங்கள் என்கிறேன்.) மகள் ஸ்கூலிலோ எல்கேஜி பிள்ளைக்கும் கறுப்பு ஷூ கட்டாயம், அதுவும் அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். அங்கே அவள் சைஸ் இல்லை, பெரிய சைஸைக் கொடுத்து “பஞ்சு வச்சுக்கோங்க” என்றார்கள். வெயில் காலத்துக்கு மட்டும் செருப்பு போட அனுமதி கேட்டு டைரியில் எழுதினேன். “ரூல்ஸ் ஃபாலோ பண்ணவும்” என்று பதில் வந்தது. ஃபீஸ் வாங்கும்போது இருக்கும் பணிவே தனி.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். விளையாட்டுப் போல நுனிக்காலில் நடக்க விட்டுப் பாருங்கள். வளைவு வந்து, வலியும் இல்லையென்றால் ஷூ பணத்தை மிச்சம் பிடிக்கலாம். அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால் குழந்தைகளுக்கென்று பார்க்கும் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல், நடக்கவும் விடாமல், நேரே இன்சோலுக்கு அளவெடுக்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.